முள்

இரவு ரெண்டு நாற்பது. பெண்கள் வார்டு.
கறுப்புப் பையின் வாயை முடிச்சுப் போடும்போது
கையுறையைத் தாண்டி வந்தது.
வெள்ளை டப்பாவில் இருக்கவேண்டிய ஊசி.

கையுறை போட்டிருந்தியா என்று
மூன்று பேர் கேட்டார்கள்.
பைக்குள் போட்டது யார் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் பர்னபாஸ் நல்லவர்தான்,
டீ வாங்கிக் கொடுத்தார்.
"மீன் முள்ளு குத்திச்சின்னு எழுதிக் குடும்மா,
வூட்ல நடந்ததா இருக்கட்டும்."

சார், நான் காசிமேட்டுக்காரி.
சங்கரா, காரப்பொடி, கெளுத்தி,
எல்லா முள்ளும் இந்த விரலுக்குத் தெரியும்.
கெளுத்தி குத்தினால் ராத்திரி முழுக்க உயிர் போகும்,
விடிந்தால் ஏலத்துக்குப் போய்விடலாம்.
எந்த முள்ளும்
இருபத்தெட்டு நாள் மாத்திரை கேட்டதில்லை.
மூணாம் மாசம் மறுபடி ரத்தம் கொடு என்றதில்லை.
புருஷன் பக்கத்தில் படுக்க யோசிக்க வைத்ததில்லை.

விபத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன்.
கடைசிப் பதிவு நாலு வருஷம் முந்தி.
அதற்கப்புறம் இந்த ஆஸ்பத்திரியில்
யாருக்கும் எதுவும் குத்தவில்லை போல.

நேரம், இடம், பையின் நிறம்.
அடியில் கார்பன் வைத்து
அழுத்தி எழுதினேன்,
குத்துப்பட்ட விரலாலேயே.

நகல்
ரேஷன் கார்டுக்குள் இருக்கிறது.