நா

காந்தி ரோட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில்
பெங்காலி எழுத்தில் பலகை மாட்டிய லாட்ஜ்.
அந்தப் பலகையை வாசிக்கத் தெரியாதவன்
அதற்குக் கீழேதான் ராத்திரி வேலை பார்க்கிறேன்.
வருகிறவர்களிடம் ஆதார் வாங்கி
ஜெராக்ஸ் எடுத்து
ஜவுளிக்கடை அட்டைப்பெட்டிக்குள் போடுவேன்.
பெட்டி நிறைந்தால் முதலாளி
எடைக்குப் போட்டுவிடுவார்.
போன மாசம் பழைய பஸ் ஸ்டாண்டில்
கீரை வடையைப் பிட்டு வாயில் போட்டபின் பார்த்தேன்:
எண்ணெய் ஊறிய தாளில்
தன்பாத் பெண் ஒருத்தியின் முகம்.
பன்னிரண்டு எண்ணும் தெளிவாக இருந்தன.

இணையவழி இளங்கலை, சைபர் செக்யூரிட்டி,
நான்காம் செமஸ்டர்.
பாடம் எடுக்கிற புனே மேடம்
ஒருநாள் ஏதோ ஒரு கோட்டையின் படத்தைக் காட்டினார்.
அகழி, மதில், உள்மதில், காவல்;
ஒன்று போனால் இன்னொன்று தடுக்கும் என்றார்.
எங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கிறது மேடம்,
கலகம் வந்த அன்று
உள்ளே படுத்திருந்தவர்கள்தான் எழுந்தார்கள் என்று
டைப் அடித்து,
அனுப்பாமல் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு ஏழரைக்குப் பரீட்சை.
முகம் சட்டகத்தை விட்டு விலகக்கூடாது.
உதடு அசையக்கூடாது.
வேறு குரல் கேட்கக்கூடாது.
கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும்.

பதினேழாம் கேள்வி:
அவசரம், அதிகாரம், ஆசை;
ஏமாற்றுகிறவன் முதலில் தொடுவது எதை?

206ஆம் அறை ஜோகேன் மண்டல்
போனைக் காதில் அழுத்தியபடி படியிறங்கி வந்தார்.
கீழேதான் சிக்னல் நிற்கும்.
மனைவிக்குத் திங்கட்கிழமை வால்வு ஆபரேஷன்.
முர்ஷிதாபாத்தில் நிலம் விற்ற காசு
மொத்தமும் அந்தப் போனுக்குள்.
பேச்சு புரியவில்லை. ஆனால்
ஹாஸ்பிடல், ரீஃபண்ட் இரண்டும்
எந்தப் பாஷையிலும் அதேதான்.
அவர் சிரித்தார்.
மூன்று வாரத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.
போனை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கி,
எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி
ஷாத்… துய்… நொய்…

எண்கள் எனக்குத் தெரியும்.
தினமும் அறை எண்ணாகச் சொல்கிறேன்.
வெந்நீர் ஆறு மணிக்கு, தெரியும்.
வாடகை பாக்கி, தெரியும்.
சொல்லாதீர்கள் என்பதற்குத்தான்
இத்தனை மாசத்தில் தேவையே வரவில்லை.

நா! என்று கத்தினேன்.
நா! நா!
அவர்கள் பாஷையில் அது 'வேண்டாம்'.
நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.
நாலு எண் போய்விட்டது.
ஐந்தாவதுக்குத் திறந்த வாய் திறந்தபடியே இருக்க
உள்ளே, வெற்றிலைச் சிவப்பில்,
மேலண்ணத்தைத் தொட உயர்ந்த நாக்கு
அங்கேயே நின்றது.

போனைப் பிடுங்கி அணைத்தேன்.
திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.
108ஆம் அறைக்காரர் வந்து என் சட்டையைப் பிடித்தார்.
துணி மடிக்கிற பிஹார் பையன் ஓடிவந்து
இந்தியில் சொல்லி, அவர்கள் பெங்காலியில் சொல்லி,
சட்டை விடுபடுவதற்குள் ஒரு பொத்தான் போனது.
மாடிப்படியிலேயே
முதல் ஓடிபியைச் சொல்லி முடித்திருக்கிறார்.
நாற்பதாயிரம் போயிருந்தது.
மிச்சம் இருந்தது.
1930க்குப் போட்டோம். காத்திருக்கச் சொல்லி
ஒரு பெண்குரல், அப்புறம் இசை.

மேசைக்குத் திரும்பினால்
திரையில் சிவப்புக் கட்டம்.
தேர்வர் சட்டகத்தில் இல்லை, பதினொரு நிமிடம்.
வேறு குரல்கள் பதிவாயின.
காரணத்தை ஐந்நூறு எழுத்துக்குள் விளக்கவும்.
கோ. தீனதயாளன் என்று ஆரம்பித்து
அறை எண் வரை எழுதினேன்.
அவர் பெயரை இதில் போடலாமா
என்று யோசித்ததில் இன்னும் ஒரு நிமிடம் போனது.
பதினேழாம் கேள்வி பின்னால் மங்கலாகத் தெரிந்தது.

ஜோகேன் மண்டல் வந்து
போனை என் பக்கம் நகர்த்தினார்.
எல்லாவற்றையும் நீயே மாற்றிக்கொடு, பாபா,
என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.
அப்புறம், நான் கேட்காமலே,
கூடம் முழுக்கக் கேட்கும்படி
தன் பின் நம்பரைச் சொன்னார்.

கட்டைவிரலால் லேப்டாப்பின் மைக் ஓட்டையை மூடினேன்.
இரண்டு எண் தாண்டியிருந்தது.