குறிப்பில் சேர்க்காதது

மல்லேஸ்வரம். கல்லூரியின் மூன்றாம் மாடி,
புகார்க் குழுவுக்கு ஒதுக்கிய பழைய ஆய்வுக்கூடம்.
மேசையில் இன்னும் அமிலம் தின்ற வட்டங்கள்.

சிந்தூரிக்கு இருபத்திரண்டு வயது.
"யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்றாள்
கன்னடத்தில் ஒரு முறை,
என் முகத்தைப் பார்த்துத் தமிழில் ஒரு முறை.
வக்கீல் நொரோனா பேனாவை மூடினார்:
"வயது வந்தவள். சட்டத்தில் இடமில்லை.
நடத்தை விதி ஒன்றுதான் மிச்சம்."

விதி, பக்கம் பதினொன்று:
மதிப்பெண் இடுகிறவர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.
நாகபூஷண் தெரிவிக்கவில்லை.
"காதலுக்கு எந்தப் படிவம், மேடம்?" என்றார்.
யாரோ சிரித்தார்கள்.
அதையும் எழுதவா என்று கேட்டேன், சிரிப்பு நின்றது.

பிறகு அவளிடம்:
"வேண்டாம் என்று தோன்றியிருந்தால்
எப்போது சொல்லியிருப்பாய்?"
கீழே பேருந்து ஒன்று திரும்ப முடியாமல்
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
"வைவா முடிந்த பிறகு" என்றாள்.

அதை அவள் சொன்னபடியே எழுதினேன்.
எழுதும்போது என் கையெழுத்து
எனக்கே மாணவியின் கையெழுத்தாய்த் தெரிந்தது.

வீட்டில் அவர் குக்கரை அணைத்துவிட்டு வந்து
கதவைத் திறந்தார்.
"ஏன் இவ்வளவு நேரம்?"
"மீட்டிங், சார்."
இருபத்தாறு வருடமாக அப்படித்தான்.
மகள் கேலி செய்வாள், அவர் ரசிப்பார்,
நானும் சிரித்திருக்கிறேன்.

இன்று காவிரி வருகிற நாள்.
குளியலறைக் கதவைத் தாழிட்டு
குழாயை முழுக்கத் திறந்துவிட்டு
அவர் பெயரை
ஒரு தடவை
சொல்லிப் பார்த்தேன்.
வாளி நிரம்பி வழிந்தது.