நிலுவை இல்லை

நாலு வருடம் புரொவிஷனலை வைத்தே ஓட்டிவிட்டேன்.
இப்போது அலுவலகத்தில் அசல் பட்டம் கேட்கிறார்கள்.
ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்
என் பதிவெண்ணை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு
"லைப்ரரில ஒரு புக்கு நிக்குதேம்மா" என்றார்,
எங்கோ பஸ் நிறுத்தத்தில் அது
இன்னும் எனக்காக நிற்பதுபோல.

போன வருடம்தான் பழைய கணக்கைக்
கம்ப்யூட்டரில் ஏற்றினார்களாம்.
கூறெடுப்பு பற்றிய தடித்த புத்தகம்,
அபராதத்தோடு அறுநூற்று நாற்பது ரூபாய்.
என் அட்டையில் ஒச்சம்மாள் எடுத்தது.
அவள் அட்டையில் ஏற்கெனவே இடமில்லை.

புள்ளியியல் துறையில் நாங்கள் பதினேழு பேர்.
இரண்டு வருடத்தில் என்ன படித்தாய் என்றால்
உடனே வாயில் வருவது
வியாழக்கிழமைச் சப்பாத்திதான்.
ஜெகதா ஒருநாள் இருபது சப்பாத்தியை ஸ்கேலால் அளந்து
திட்டவிலக்கம் போட்டாள்.
விலக்கமே இல்லை.
வார்டன் சிரிக்கவில்லை.

பாடம் எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்,
ஆனால் எங்களைத் தேற்றியது
கேட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை.
எந்தக் காலத்துச் சீனியரோ எழுதிய நோட்டு,
நகலின் நகலுக்கு நகல்.
ஓரத்தில் அவர் கிறுக்கிய தேனி பஸ் நேரங்கள்கூட
எங்களுக்கு மனப்பாடம்.
அதில் நாற்பத்தோராம் பக்கத்துக் கழித்தல் குறி
மை தீர்ந்த ஏதோ ஒரு சாயங்காலம்
மெஷினுக்குள்ளேயே உதிர்ந்துவிட்டிருந்தது.
எத்தனை பேட்ச் அது இல்லாமலே எழுதித் தேறியதோ.
திருத்தியவரும் அது இல்லாமலே
தேறி வந்தவராக இருக்கலாம்.

உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் ஒச்சம்மாள்
நோட்டை நம்பாமல் புத்தகம் தேடிப் போனாள்.
கேன்டீன் மேசையில்
டீ கிளாஸ் விட்டுப்போன வட்டத்தின் மேலேயே அதை விரித்து
"இந்தா பாரு, ஒரு கோடு" என்றாள்.
தகரக் கூரையில் மயில் நடக்கும் சத்தம்.
பார்த்தேன். புரிந்தது.
பரீட்சையில் கோடு இல்லாமல்தான் எழுதினேன்.
எண்பத்தேழு.
அவள் கோடு போட்டாள். எழுபத்தொன்பது.

மறுமதிப்பீட்டுக்குக் கட்ட அவளிடம் பணமில்லை.
என்னிடம் இருந்தது.
அவள் கேட்கவில்லை.
அந்த வாரம் நான் செருப்பு வாங்கினேன், டவுன்ஹால் ரோட்டில்,
நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

இன்று பைபாஸ் ரோட்டு நுண்கடன் கம்பெனியில்
யார் தவணை தவறுவார்கள் என்று
முன்கூட்டியே சொல்வது என் வேலை.
சூத்திரம் யாரோ போட்டு வைத்தது.
செல்லூரில் ஒரு விசைத்தறிக்காரரின் பெயர்
சிவப்பில் வரும்; அனுப்பிவிடுவேன்.
சரியா என்று புத்தகம் தேடிப் போனதில்லை.

பணத்தைக் கட்டினேன். ரசீது.
'நிலுவை இல்லை' என்று முத்திரை குத்தினார்.
மை போதவில்லை போல.
நிலுவை அழுத்தமாக விழுந்தது,
இல்லை மட்டும் வெளிறிப்போய்.
இன்னொரு தடவை குத்தச் சொல்லலாம் என்று நின்றேன்.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அவளுக்குப் போன் போட்டேன்.
காளவாசல் சிக்னலில் டியூட்டி,
காவல்துறைக்குப் போய் மூன்று வருடம்.
ஹாரன்களுக்கு நடுவே கத்தினாள்:
"அந்தப் புக்கா? ஏங்கிட்டதான இருக்கு!
ஏய், ஆறாவது அத்தியாயத்துல
அவனும் ஒண்ண விட்டுட்டான்டி,
அச்சுப்பிழையா, இல்ல நெசமாவே தப்பானு தெரியல.
நாயித்துக்கிழம வா, உக்காந்து போட்டுப் பாப்போம்."

அபராதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.
மற்றதைச் சொல்ல வாய் திறந்தேன்.
"இரு இரு, சிக்னல் விழுந்துருச்சு."