மூன்று மாதத்துக்கு ஒருக்கா

உவர்மலையில் கடாட்சத்தாரின் மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே
ஒரு நாவல் மரம்.
மரத்துக்குக் கீழே ஏசியின் வெளிப்பெட்டி.
பெட்டிக்குப் பக்கத்தில்
கட்டில், அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய
ஒரு வெள்ளை வேன்.
வெள்ளை என்பது பதிவுப் புத்தகத்தில்.

ஆனி பிறந்து கச்சான் எழும்பினால்
எனக்குக் கோல் வரும்.
"தம்பி, குளிர் வருகுதில்லை."
வராது.
மூடியைக் கழற்றினால்
பூக்காம்பு, சருகு, காய்ந்த பழத்தோல்,
அணில் சேர்த்த தும்பு,
தகடுகளுக்கிடையில் பசைபோல அப்பின ஊதா.
மூச்சுவிட இடமில்லாத பெட்டி
குளிருக்கு எங்கே போகும்?

தண்ணியை உள்ளேயிருந்து வெளியே அடிக்கவேணும்.
எதிர்த்து அடித்தால்
ஊத்தை இன்னும் ஆழத்துக்குப் போய்விடும்.
இதை மனிசருக்கும் சொல்லலாம்,
ஆனால் நான் ஏசிக்காரன்.

வெள்ளைக்காரர் வருவினம் என்று
கடன்பட்டுச் செய்த வேன் அது.
நிலாவெளிக்கு இரண்டு தரம் ஓடியது.
அறுகம்பைக்கு ஒருதரம் போய்
லொறியில் ஏறித் திரும்பி வந்தது.
பிறகு இங்கேதான்.
கூரையில் சூரியத் தகடு,
தகட்டில் காக்கை எச்சம்,
எச்சத்துக்குள் கொட்டை,
கொட்டை முளைத்து இரண்டு இலை.
ஆள் ஏறாத வண்டியில்
மரம் ஏறிக்கொண்டது.

இரவில் கோட்டைப் பக்கத்து மான்கள் வருமாம்
விழுந்த பழம் பொறுக்க.
பின்கதவில் ஏதோ ஒரு கொம்பு உரசின கீறல்
துருப்பிடித்து நிற்கிறது,
வங்கிக்காரர் ஏற்காத கையெழுத்துப்போல.

"மரத்தை விழுத்துவம்" என்பார் கடாட்சத்தார்.
"வேனை வில்லுங்கோ" என்பா ரஜனிதேவி.
பிறகு இருவரும் என்னைப் பார்ப்பினம்.
நான் கழற்றிய ஸ்குரூக்களை எண்ணுவேன்.

எனக்குத் தெரியும்.
பின்நேர வெயில் முழுவதையும்
அந்த மரம்தான் வாங்கிக்கொண்டு நிற்கிறது.
பெட்டியை மறுபக்கச் சுவருக்கு மாற்றலாம்,
நாலு கிளையைக் கழித்துவிடலாம்,
வேனுக்கு ஒரு தார்ப்பாய் போடலாம்.
சொல்லியிருந்தால்
"உன்ர உழைப்புக்காகச் சொல்லுறாய்" என்றிருப்பார்.
மூன்று மாதத்துக்கு ஒருக்கா நாலாயிரம் ரூபா.
அதுவும் உண்மைதான்.
அதனால் சொல்லவில்லை.

போன ஆடியில்
நான் கிண்ணியாவில் ஒரு கடைக்குக் கேஸ் அடித்துக்கொண்டிருந்த நாளில்
மரம் விழுந்தது.
ஒரு கிளைகூட வேனில் படாமல்
கயிறு கட்டி இறக்கினார்களாம்.
அவ்வளவு கவனம்.

கோல் வந்தது,
மூன்று மாதம் ஆகவில்லை,
மூன்று கிழமை.
மூடியைக் கழற்றினேன்.
ஒரு சருகு இல்லை. ஒரு தும்பு இல்லை.
கடையில் வாங்கினது மாதிரி இருந்தது,
தொட்ட விரல் சுட்டது.
கொம்பிரசர் முடிந்துவிட்டது.
விலையைச் சொன்னேன்.
கடாட்சத்தார் அடிக்கட்டையில் போய் இருந்தார்,
இருக்க அது வசதியான உயரம்தான்.

வேன் இப்போது வெள்ளை.
வெயில் பட்டுத் தகடு வேலை செய்யத் தொடங்கி
உள்ளே கட்டிலுக்கு மேலே
சின்னக் காற்றாடி ஒன்று
ஆருக்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது.
நிற்பாட்டத் தெரிந்தவர் இல்லை.

ரஜனிதேவி ஒரு பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து
பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தா.
கூரையில் முளைத்த அதே கன்று.
இப்போது ஐந்து இலை.
"ஆறடி தள்ளி நடுங்கோ" என்றேன்,
முதல்தரம் வாய் திறந்து.
"நிழல் விழ எத்தினை வருசமாகும்?" என்றா.

நான் ஸ்குரூக்களை எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.