பானு என்றால் இருவர்

புதுவயல் ஆலையில் மூட்டை எண்ணுகிறேன்.
முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லிவிட்டால்
முதலாளி முகம் சுருங்கும்.
லாபம்.
பிறகுதான் ரெண்டு, மூணு.

காரைக்குடி ஆய்வுக்கூடத்திலிருந்து
உமி கேட்டு வந்தாள் அஜுவா.
சுட்டுக் கரியாக்கி பேட்டரிக்குள் வைப்பார்களாம்.
ஊர் குமாசி. திங்கட்கிழமை பிறந்தவள்,
பெயருக்கே அதுதான் அர்த்தம் என்றாள்.
நான் செவ்வாய். சொல்லவில்லை.

முதல் சாக்கு தராசில் ஏறியதும்
நான் லாபம் என்றேன்.
அவள் பாக்கோ என்றாள்.
பாக்கி என்று காதில் விழுந்து
ஒரு நொடி பேரேட்டைப் பார்த்தேன்.

மியெனு, மியென்சா, எனான்.
ஐந்துக்கு, எனும்.
எது எனும்?
ஐந்து எனும் எண், எனும்.
இருவரும் சிரித்ததில் ஆறாவது சாக்கு
எண்ணாமல் போய்விட்டது.
பத்தை எட்டியதும் டு என்றாள்,
பள்ளிக்கூடத்துச் சண்டைபோல.
அவர்கள் தொண்ணூறுக்குள்
ஒன்பது வெட்டவெளியில் நிற்கிறது.
உங்களுடையது எங்கே என்றாள்.
தேடிப்பார்த்தேன். இல்லை.

சாப்பாட்டு நேரம்.
களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தவளை
பானு! என்று கூப்பிட்டேன்.
அஜுவா திரும்பி, அவளுக்குப் பின்னால்
இன்னொருத்தியைத் தேடினாள்.

சாக்குக்கு ஒரு ரெண்டு, ஆளுக்கு வேறு ரெண்டாம்.
ஆள் இருவர் என்றால், பானு.
மூவர் பாசா. நால்வர் பானான்.
ஒன்பது பேர் வரை இப்படி மரியாதையாக.
பத்தாமவன் வந்து சேர்ந்ததும்
எல்லோரும் வெறும் எண்ணாகிவிடுவார்கள்.

எங்களுக்கு அப்படியில்லை என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.
பதின்மர், பன்னிருவர், நூற்றுவர்,
கோயில் சுற்றில் அறுபத்துமூவர்,
எத்தனை பேர் வந்தாலும்
அர் விகுதி பின்னாலேயே வரும்.

உன் நோட்டில் காட்டு என்றாள்.

நோட்டில்,
ஒடிசா உருப்படி 14.
லோடு ஆள் 6.
களம் பெண் 9 x ½.

அரை எதற்கு என்றாள்.
கூலி என்றேன்.
கூலி பாதியா, ஆள் பாதியா?
தொப்பியைத் தட்டி உமியை உதறினேன்.
உமி ஒன்றும் அவ்வளவு இல்லை.

பதினெட்டு சாக்கோடு வண்டி போயிற்று.
என் கணக்கில் பதினேழு;
ஆறாவதை யார் சிரிப்பில் எழுதுவது?

சனிக்கிழமை சாயங்காலம்
ஜன்னல் கம்பிக்கு இப்புறம் உட்கார்ந்து
பேர் கூப்பிடுகிறேன்.
ராக்கம்மை. மெய்யாத்தா. செல்லி.
அடுத்த பேரில் நாக்கு நின்றது.

இருக்கேன், என்று
தவிட்டுப் புழுதிக்குள்ளிருந்து ஒரே ஒரு குரல்.
நீட்டிய உள்ளங்கை ஒன்று.
பாதியை எண்ணி வைத்தேன்,
லாபம் என்று தொடங்காமல்.
அவள் மறுபடி எண்ணினாள்.
வாய் அசைந்தது. எந்த மொழி என்று
கேட்கவில்லை.