நாற்பத்தேழு

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி, மருந்துக் களஞ்சியத்தின் பின்னறை.
இங்கே எதற்கும் தானாக இடம் கிடைக்காது.
ஒவ்வொரு இயந்திரத்துக்கும்
கையால் எழுதிக் கொடுத்தால்தான் முகவரி.

எழுதுகிறவர் சுகந்தமலர் மிஸ்.
நீலமட்டைக் கொப்பியில் விரலை ஓட்டி
"நாப்பத்தேழு சும்மாதான் கிடக்கு,
எடுங்க" என்றார்.

எடுத்தேன்.
கல்முனையிலிருந்து வேனில்
மடியில் வைத்துக் கொண்டுவந்த சேர்வர்
இரண்டு நிமிடம் பேசியது, பிறகு ஊமை.
திரும்பப் பேசியது. திரும்ப ஊமை.
ஒரே இலக்கத்தில் இரண்டு குடித்தனம் என்றால்
தபால்காரன் என்ன செய்வான்?

"மறுகா?"

மறுகா, என்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு
நாற்பத்தேழே என்று கூப்பிட்டேன்.
ஓம் என்றது.
யார் என்று சொல்லவில்லை.
ஓம், ஓம், ஓம்,
கறுப்புத் திரையில் வரிவரியாக.

சுவிச்சில் வயர்களை
ஒவ்வொன்றாய் இழுத்து, திரும்பச் செருகி,
பதினாலாவதில் சத்தம் நின்றது.
(அதற்குள் எக்ஸ்ரே அறையிலிருந்து
இரண்டு தடவை ஏசினார்கள்.)

வயர் போன இடம் பழைய கிளினிக் கட்டடம்.
வெள்ளத்துக்குப் பிறகு பூட்டியது.
திறப்புத் தேடவே அரைமணி.
உள்ளே சுவரில்
விரல் அடையாளம் வாங்கும் பெட்டி,
பச்சை லைட்டோடு.
நாலு வருடமாக, காலை எட்டு மணிக்கு,
வராதவர்களை வரவில்லை என்று
ஒருநாளும் பிசகாமல் குறித்திருக்கிறது.

கழற்றலாம்தான். மாகாணக் கந்தோர் கடிதம் வேண்டும்,
அதற்கு இரண்டு மாதம்.

சேர்வருக்கு ஐம்பத்திரண்டு.
ஐந்து மணி பஸ் போய்விட்டது.
மிஸ் பென்சிலை எடுத்து
நாற்பத்தேழுக்கு நேரே எழுதினார்:
ஆள் இரிக்கு.