காலி இடம்

பிஷ்கெக், பிப்ரவரி. கடைவாசலில்
பூட்ஸ் பனியைத் தட்டிவிட்டு நுழைகிறாள் புருல்ச்சா.
கையில் துண்டுச்சீட்டு: ஐந்நூற்றுப் பன்னிரண்டு, பதினாறு.
பதினாறை அடித்துவிட்டு ஓர் எட்டு.

"இதைப் பாருங்கள், அப்பளம்போல," என்கிறான் எல்தியார்.
ராம் பலகையோடு பற்றவைத்தது.
"இன்றைக்கு வாங்குவதுதான். பிறகு கூட்ட முடியாது."

பிறகு கூட்ட முடியாது.
அவள் பனியாறுகளுக்கு வரைபடம் போடுகிறவள்.
வருடா வருடம் எல்லைக்கோடு மேலே ஏறிப்போக,
கோப்பு மட்டும் வீங்குகிறது.

சிவப்பாய் ஒளிரும் விசைப்பலகை ஒன்று கண்ணடிக்கிறது.
அதன் திரையில் கடற்கரை.
இந்த நாட்டில் கடலே இல்லை.

"அந்தத் தடியனைத் திறந்து காட்டு."
எட்டுத் திருகாணிகள். ஒன்று அடம்பிடிக்கிறது.
முதுகு கழன்றதும்
விசிறி, பேட்டரி, ஒற்றை ராம் பட்டை,
பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு வெறுமை.

"அங்கே ஒன்றுமில்லை," என்கிறான், தப்புச் செய்தவன்போல.
"தெரிகிறது. அதற்குத்தான் விலை கேட்கிறேன்."

எட்டு போதாது. அவளுக்கே தெரியும்.
மே மாதம் பாக்கிச் சம்பளம் வந்தால் இன்னொரு எட்டு.
வராவிட்டால்
வரைபடம் திறப்பதற்குள் தேநீர் ஆறிப்போகும்,
அவ்வளவுதான்.

திரும்பும் பேருந்தில் மடிமேல் இரண்டரைக் கிலோ.
பாதி வழியில்தான் உறைக்கிறது,
சார்ஜரைக் கேட்டு வாங்கவில்லை.